அடைக்கலமும் குடியுரிமையும்

சிலப்பதிகாரம் பற்றி இதுவரை வந்துள்ள நூல்களையும் மலர்க் கட்டுரைகளையும் அடுக்கினால் நம் சாலைக் கடைத்தெருவில் ஒரு கிட்டங்கி நிறைந்துவிடும். அவற்றுள் பெரும்பாலானவை கோவலனை ஊழ்வினைக்கு இரையானவனாகவோ, பொற்கொல்லன் சூதில் சிக்கியவனாகவோ, மனைவியை விட்டுப் போனதற்குக் கூலி பெற்றவனாகவோ காண்கின்றன. மதுரையில் அவன் ஓர் அயல்நாட்டு வணிகன் என்ற செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. காவியத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

பேசிய மொழி ஒன்றுதான். ஆனாலும் புகார் சோழநாடு, மதுரை பாண்டிநாடு. கூடவே நடந்துவந்த கவுந்தியடிகள், எங்கள் சமண மரபின் தவமூதாட்டி, இருவரையும் இடைக்குல மாதரியிடம் ஒப்படைக்கிறார். அதற்கென்றே ஒரு காதையை ஒதுக்கி, அடைக்கலக் காதை என்று பெயரும் வைத்திருக்கிறார் இளங்கோவடிகள். மாதரி தன் வாக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. தங்க இடம் கொடுத்தாள், சமைக்கப் பண்டம் கொடுத்தாள், மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக வைத்தாள். ஆனால் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனபோது மாதரியின் அடைக்கலம் அவன் பின்னால் வரவில்லை. ‘இவர் எங்க வீட்டு ஆளு’ என்று சொல்ல அந்த வீதியில் ஒருவரும் இல்லை. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கிய காவலரும் விசாரிக்கப் போகவில்லை.

பிறகு வழக்குரை காதை. நீ யார் என்று பாண்டியன் கேட்டதும் கண்ணகி சொல்லும் விடையின் வரிசை ஈண்டு நோக்கத்தக்கது. முதலில் தன் ஊர். அடுத்து கணவனின் குடியும் அவன் தந்தையின் பெயரும். அடுத்து, பிழைப்பு நாடி உன் நகருக்கு வந்தோம் என்று வந்த காரணம். அதன்பின், சிலம்பு விற்க வந்து உன்னால் கொலையுண்டவனின் மனைவி என்கிறாள். தன் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறாள். இன்றைக்கு எந்த நாட்டின் குடியுரிமை விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே கேள்விகள்தான் இருக்கும். கோவலனிடம் ஒருவன் இவற்றைக் கேட்டிருந்தால் காப்பியம் வேறு வழியில் போயிருக்கும். கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாமல் போனது. அவன் அந்நாட்டுக் குடி அல்லன்.

செய்தி அறிந்த மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டார். இருவரும் நல்லவர்கள், அதில் ஐயமே இல்லை. ஆனால் அடைக்கலம் கொடுப்பவரின் நல்ல மனத்தை நம்பி நிற்பது. அவர் வீட்டு வாசலோடு முடிந்துவிடுவது. வியாபாரிக்கு இது சட்டென்று விளங்கும். வாய்க்கணக்கில் கொடுத்த சரக்குக்கு வாங்கியவன் நாணயம்தான் ஈடு. பத்திரம் எழுதியிருந்தால் கோர்ட்டுப் படி ஏறலாம். (மதுரையில் கேட்பாரற்றுப்போன அந்த அம்மையை, கொடுங்கல்லூர் போகும் வழியில் இங்கே தங்கினாள் என்று சொல்லி, நம் ஆற்றுகாலில் லட்சக்கணக்கான பெண்கள் ஆண்டுதோறும் பொங்கலிட்டு வணங்குகிறார்கள். சேரநாட்டுக்கு இந்த ஒரு பெருமை உண்டு.)

சரி, இதெல்லாம் பழங்கதை, இப்ப எதுக்கு என்று கேட்கலாம். அயல்நாட்டில் நெடுங்காலம் வாழ்பவர் அந்நாட்டுக் குடியுரிமையைக் கேட்டுப் பெறலாமா கூடாதா என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒருவர் எழுந்து ‘தாய்மண்’ என்பார். இன்னொருவர் புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் முதலடியை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேராற்று வெள்ளம் இழுக்கும் பக்கம் தெப்பம் போவதுபோல உயிர் போகும் என்று கணியன் பூங்குன்றனார் பின்னால் சொல்வது மேடைக்கு வருவதே இல்லை. அப்படி இழுபட்ட தெப்பங்களைத் தமிழினத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இலங்கை மலையகம்.

புதுமைப்பித்தன் நம் திருவனந்தபுரத்தில் 1948 ஜூன் 30 அன்று காலமானார். வாசவன்பட்டி மருதி தேயிலைத் தோட்டத்தில் படும் பாட்டை ‘துன்பக்கேணி’ என்று 1935-இல் மணிக்கொடியில் எழுதியவர் அவர். அவர் மறைந்த அதே ஆண்டின் இறுதியில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், 18-ஆம் இலக்கம், நடைமுறைக்கு வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது அது. லயத்து அறையில் பிறந்தவன் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவான்?

‘துன்பக்கேணி’ பெரிய கதை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன் கண் தாமிரபரணிக் கரையில் நின்று பார்க்கிற கண். தோட்டம் என்பது நம் பெண் போய் விழுந்த குழி. குழியில் விழுந்தவளைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்றுதான் வாசகனுக்குத் தோன்றும். அங்கேயே அவளுக்கு ஓர் உரிமை இருக்கலாமே என்று தோன்றாது. சி.வி. வேலுப்பிள்ளை எழுதியது வேறு மாதிரி. அவர் மலையகத்திலேயே பிறந்தவர். 1947-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரில் ஒருவர். அவர் தம் நாவலுக்கு வைத்த பெயர் ‘வீடற்றவன்’. வீடு கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைப்பவர் அந்தப் பெயரை வைக்க மாட்டார். நம் திறனாய்வாளர்கள் புதுமைப்பித்தனைப் பற்றி எழுதிய பக்கங்களில் பத்தில் ஒரு பங்கு கூட வேலுப்பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அந்தக் குறைபாடு இலக்கியத்தோடு நிற்கவில்லை என்பதுதான் என் வழக்கு. ‘அங்கே போன நம்மாட்கள்’ என்று நாம் சொல்லிச் சொல்லி, ஆளை எண்ணிப் பங்கு பிரிப்பதற்கு நாமே ஒரு பாஷையைச் செய்து கொடுத்துவிட்டோம்.

பங்கு பிரித்தும் விட்டார்கள். 1949-இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ், 1951 ஆகஸ்ட் 5-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். காங்கிரஸ் முதலில் புறக்கணிப்பு என்றது. கெடு நெருங்கியபோதுதான் விண்ணப்பிக்கச் சொன்னது. மானம் என்ற பேரில் போன அந்த மாதங்கள் விலை உயர்ந்தவை. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பத்தில் இடம்பெற்றார்கள். முடிவில் கிடைத்தது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கு. அப்புறம் 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மூட்டையைப் பிரிக்கும்போது கூடச் சரக்கின் தரத்தைக் கேட்போம். இங்கே ஆளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்கும். மனுக்கள் வாங்கியபோது இலங்கைக்கு ஒதுக்கிய எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இலங்கைக் குடியுரிமைக்கே விண்ணப்பம் குவிந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை நிரம்பவில்லை. ‘கூடாது’ என்று மேடையில் பேசுகிற நண்பர்கள் இந்தக் கணக்குக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

வந்தவர்கள் நமக்கு அடுத்த ஊரில்தான் இருக்கிறார்கள். புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து மறுவாழ்வுத் தோட்டக் கழகம் அமைத்தன. தேயிலை கிள்ளிய கை ரப்பர் வெட்டக் கற்றுக்கொண்டது. கையில் இந்தியக் குடியுரிமை இருந்தது. ஊரில் ‘சிலோன்காரன்’ என்ற பெயரும் இருந்தது. இலங்கையிலேயே இருந்துவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு 2003-இன் 35-ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை விடியவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதம் மட்டும் கனமானது; அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 1983-க்குப் பின் தமிழகம் வந்த ஈழத்தமிழர் இந்தியக் குடியுரிமை பெற்றுவிட்டால், அங்கே விட்டுவந்த காணிக்கும் பூமிக்கும் உரிமை தளர்ந்துபோகும் என்கிறார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஆகவே திரும்பிப் போக நினைப்பவரை இந்தியனாகு என்று யாரும் நெருக்கக் கூடாது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்ல வேண்டியவர் காணிக்காரர். நாமல்ல. அதோடு, முகாமில் இருப்பவர் எல்லாரும் காணி விட்டு வந்தவர் அல்லர். நம் முன்னோர் காலத்தில் இங்கிருந்து தோட்டத்துக்குப் போனவரின் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூன் மாதம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருந்தன, இலங்கை இல்லை.

2021-இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டு இல்லாமல் தங்கியதற்கான தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. நல்ல காரியங்கள்தான், வரவேற்கிறேன். ஆனால் இவை மாதரி வீட்டு அரிசியும் காய்கறியும்.

மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடி என்ற விதியைக் காட்டி அதே மதுரைக் கிளையில் வழக்காடி வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். கண்ணகிக்குப் பிறகு மதுரையில் ஊரும் பேரும் சொல்லி வழக்குரைத்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடியாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். நம் சங்கங்கள் ஆண்டுதோறும் போடும் தீர்மானங்களில் ஒன்றை இவர்களுக்காக ஒதுக்கலாம்: விரும்பி விண்ணப்பிப்பவரின் மனுவை வாங்கி, ஒரு கெடு வைத்து, முடிவு சொல்லுங்கள் என்று.