கூவத்தூர் செய்தியும் அலங்காநல்லூர் ஆட்டமும்

2017 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மதுரை அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டுக்காக வாடிவாசல் திறந்தது. அதே நாளில் சென்னையில் அ.தி.மு.க. சட்டமன்றக் கட்சித் தலைவராக சசிகலா தேர்ந்தெடுக்கப்பட்டார், முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் ராஜினாமா செய்தார். 7-ஆம் தேதி இரவு அவர் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தில் கண்மூடி உட்கார்ந்தார். 9-ஆம் தேதி பாலமேட்டில் ஜல்லிக்கட்டு. அன்று மாலை ஆளுநர் வித்யாசாகர் ராவ் சென்னையில் பன்னீர்செல்வம், சசிகலா என்ற இரண்டு தரப்பையும் சந்தித்தார். 10-ஆம் தேதி அலங்காநல்லூரில் காளைகள் இறங்கியபோது சசிகலா தரப்புச் சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க தமிழ்நாடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஆட்சி யாருக்கு என்பதுதான் வீட்டிலும் டீக்கடையிலும் பேச்சு. எந்த விளையாட்டுக்காக ஜனவரியில் லட்சக்கணக்கானோர் மெரினாவில் இரவு பகலாகக் கிடந்தார்களோ, அது களத்துக்குத் திரும்பிய நாள்களில் பார்வை வேறெங்கோ போய்விட்டது. எத்தனை காளை, எத்தனை பேருக்குக் காயம், யாருக்கு என்ன பரிசு என்ற மூன்று கணக்கோடு ஜல்லிக்கட்டுச் செய்தி முடிந்துபோகும் வழக்கம் அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை இப்படி எழுதினால் எந்த வாசகரும் விடமாட்டார்.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். வாடிவாசலுக்குள் காளையின் மூக்கணாங்கயிறு அறுபடுகிறது. வாசலின் இரு பக்கமும் வீரர்கள் கட்டையோடு கட்டையாக ஒட்டி நிற்கிறார்கள். தரையில் பரப்பிய தென்னை நார்க் கழிவில் கால் புதைகிறது. காளை வெளியே வரும் முதல் பாய்ச்சலில் அதன் தலை வீரரைத் தாண்டிவிட வேண்டும். திமில் கைக்கு எட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான கணத்தில் பாய்கிறவரே மாடு அணைகிறவர். ஒரு கணம் முந்தினால் கொம்பு, ஒரு கணம் பிந்தினால் வெறும் காற்று.

விதி தெளிவானது. திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். 15 மீட்டர் தூரமோ, 30 விநாடியோ, காளையின் மூன்று துள்ளலோ தாங்க வேண்டும். வாலைத் தொட்டாலோ, கொம்பைப் பிடித்தாலோ, இரண்டு பேர் சேர்ந்து தொங்கினாலோ அது பிடியில் சேராது. நன்றாக அணைகிற வீரரைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: கை பலத்தைவிட நெஞ்சுதான் அதிகம் வேலை செய்கிறது. நெஞ்சைக் காளையின் தோளோடு ஒட்டி, தலையைக் கொம்புக்கு எட்டாத பக்கம் தாழ்த்தி, காளை எழும்பும்போது தானும் எழும்பி, அது இறங்கும்போது கால் தரையில் பாவும்படி பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது துள்ளலில் பிடியை விடுவது தனிக் கலை. பின்வாங்கி விடுகிறவர் தப்புகிறார். முன்னே விழுகிறவர் காளையின் காலடியில் கிடக்கிறார்.

காளைகளும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. வாசலைத் தாண்டியதும் நேர்கோட்டில் பறந்துவிடும் மாடு ஒரு ரகம்; அதைத் தொடக்கூட நேரம் இருக்காது, ஆனால் பார்ப்பவருக்கு ஆட்டமும் இருக்காது. பாதியில் நின்று திரும்பி, மண்ணைக் கிளறி, வட்டமடித்து, வா என்று அழைப்பதுபோல் நிற்கும் மாடு இன்னொரு ரகம். 'நின்னு விளையாடுற மாடு' என்று கூட்டமே எழுந்து நிற்பது இதற்குத்தான். இதற்காகத்தான் மாட்டுக்காரர்கள் ஆண்டு முழுக்கப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வைக்கிறார்கள், கண்மாயில் நீச்சல் விடுகிறார்கள், ஈரமண் குவித்துக் குத்தவிட்டுப் பழக்குகிறார்கள். உருவத்தில் சிறியதானாலும் சட்டென்று திரும்பும் புலிக்குளம் மாட்டுக்கு மதுரை, சிவகங்கைப் பக்கம் இருக்கும் மதிப்பு இந்த ஆட்டத்திலிருந்து பிறந்தது.

2017 பிப்ரவரியின் தனித்தன்மையும் இங்கேதான் இருக்கிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு ஜனவரியில் நான்கு வயதாக இருந்த காளைக்கு அந்த பிப்ரவரியில் ஏழு. தடைக்காலத்தில் கன்றாக இருந்தவை வாடிவாசலையே பார்த்ததில்லை. பதினாறு வயதில் வேடிக்கை பார்த்த பையனுக்குப் பத்தொன்பது. முறையான களத்தில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவன். பழகாத காளையும் பழகாத ஆளும் நேருக்கு நேர் நின்ற போட்டிகள் அவை. மூன்று பொங்கல் தவறிப்போனது ஒரு விளையாட்டின் உடல் நினைவை என்ன செய்தது என்று அந்த வாரம் யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால், இன்றைக்கு அது பொன்னான ஆவணம்.

களங்களைப் பற்றியும் யாரும் இப்படி எழுதுவதில்லை. கிரிக்கெட்டில் ஆடுகளம் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அவனியாபுரத்தில் ஆட்டம் திருப்பரங்குன்றம் சாலையில் நடக்கிறது. பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல்; அகலம் இருப்பதால் காளை திரும்பி விளையாட இடமுண்டு. அலங்காநல்லூரில் ஊருக்கு நடுவே, கோயில் காளைகளை முதலில் அவிழ்த்து, யாரும் தொடாமல் வழிவிட்ட பிறகே ஆட்டம் சூடு பிடிக்கிறது. 2024 ஜனவரி 24 அன்று அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் 62.78 கோடி ரூபாயில் கட்டிய கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். உட்கார்ந்து பார்க்க நல்ல இருக்கை, காளைக்கும் வீரருக்கும் மருத்துவ வசதி என்று பயன் நிறையவே உண்டு. ஆனாலும் தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதன் துடிப்பை அரங்கம் இன்னும் பெறவில்லை என்பதே பார்த்தவர்களில் பலர் சொல்வது. அது வருவதற்குக் காலம் பிடிக்கும்; வரட்டும்.

அரசியல் இந்தக் களத்துக்குப் புதிதல்ல. சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலில் பிச்சி எதிர்கொள்ளும் காரி, ஜமீன்தாரின் காளை. அதை அணைவது மாட்டை வெல்வதோடு நிற்காது. மேடையில் இருப்பவரின் கௌரவத்தையும் தொடும். இன்றைய மேடையில் அமைச்சர்களும் ஆட்சியரும் இருக்கிறார்கள். முதல்வர் பெயரில் கார், துணை முதல்வர் பெயரில் டிராக்டர் என்று ஒலிபெருக்கி நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறது. 2017 ஜனவரி 21-இல் அவசரச் சட்டம் வந்த மறுநாள், போட்டியைத் தொடங்கிவைக்க மதுரை வந்த பன்னீர்செல்வத்தை, நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று சொல்லி அலங்காநல்லூர் மக்கள் ஊருக்குள் விடவில்லை. அவர் திரும்பிப் போனார். 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அதே நாளில் மெரினாவில் காவல்துறை கூட்டத்தை அகற்றியபோது நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. ஒரு விளையாட்டுக்காக மீனவர் குடும்பங்கள் கொடுத்த விலை அது. அதை மறந்துவிட்டு ஜல்லிக்கட்டின் வெற்றிக் கதையைச் சொல்வது அநியாயம்.

2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்றது. வழக்கு முடிந்தது. இனி நீதிமன்றத் தேதிக்குப் பதிலாக ஆட்டத்தைப் பேசலாமே! ஒரு சுற்றில் எத்தனை காளை அவிழ்ந்தன, எத்தனை பிடிபட்டன, எத்தனை நின்று விளையாடின, எந்த வீரர் வாசலின் எந்தப் பக்கத்திலிருந்து அணைந்தார், எத்தனை பிடி விதிமீறலால் கழிந்தது என்று ஒரு எளிய பதிவேடு போதும். இப்போது வெற்றியாளர் பெயருக்குப் பக்கத்தில் பிடித்த காளைகளின் எண்ணிக்கை மட்டும் நிற்கிறது. ஓடும் மாட்டை அணைந்ததற்கும், வட்டமடிக்கும் மாட்டை அணைந்ததற்கும் ஒரே மதிப்பெண் என்பது வீரருக்குச் செய்யும் அநீதி.

பதிவேட்டின் இன்னொரு பயன் உயிர் சம்பந்தப்பட்டது. களத்தில் சீருடையோடு நிற்பவர் ஆபத்தை அறிந்து நிற்கிறார். களம் முடிந்து, காளையை உரிமையாளர் வாங்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே காளை இன்னும் மிரட்சி தணியாமல் வருகிறது. கயிற்றோடு காத்திருப்பவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் கலந்து நிற்கிறார்கள். உயிரிழப்புச் செய்திகளில் இந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தப் போட்டியில், எந்த மணியில், களத்தின் எந்த மூலையில் குத்துப்பட்டார் என்று எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு தடுப்பை எங்கே கட்டுவது என்று தெரியும்.

ஒலிபெருக்கி அடுத்த காளையின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டது. மறுமுனையில், அண்டாவும் கட்டிலும் பரிசாக அடுக்கிய மேடையைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு மாட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தன் மாட்டின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். நார்த் தூசிக்குள்ளிருந்து அது வந்து நிற்கிறது. அவர் முதலில் அதன் கால்களைத் தடவிப் பார்க்கிறார், பிறகு கொம்பை, பிறகு திமிலை.