மஞ்சளுக்கு அடியில் ஒரு பெயர்: தகடூர் நாட்டு நடுகற்களை முன்வைத்து

பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிற்கும் கல்லைப் படம் பிடிக்கப் போயிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "செருப்பக் கழட்டிட்டுப் போ சாமி, அது வேடியப்பன்." கழற்றிவிட்டுத்தான் போனேன். இடுப்பு உயரப் பலகைக்கல், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், மார்பில் தைத்த அம்பு. மேல் மூலையில் அவனை வானுலகுக்கு அழைத்துப் போக வந்த பெண்கள். தலைக்கு மேல் எழுத்து வெட்டியிருந்த இடத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. விரலால் தடவியதில் இரண்டு மூன்று கோடுகள் தட்டுப்பட்டன. அவ்வளவுதான்.

வீட்டில் பிள்ளைகள் நெருப்புக் கக்கும் டிராகன் மீதேறி வீரர்கள் தலைமுறை தலைமுறையாக எல்லைக்குச் சண்டை போடும் கற்பனை நாட்டுக் கதைகளை விரும்பிப் பார்க்கிறார்கள். நானும் கூட உட்கார்ந்து பார்த்ததுண்டு. அந்தக் கதைகளில் ஏறி வந்தவனுக்குப் பெயர் உண்டு, அவனைச் சுமந்து வந்த விலங்குக்கும் பெயர் உண்டு. கீழே எரிந்துபோன ஊர்க்காரனுக்குத்தான் பெயர் இருப்பதில்லை. நம் தருமபுரி மண்ணில், பழைய தகடூர் நாட்டில், பல நூற்றாண்டுகள் ஓயாமல் நடந்த எல்லைப்போர் விட்டுச்சென்ற பதிவு இதற்கு நேர்மாறானது. அதனால்தான் நடுகல் என்னும் வழக்கத்தைப் பெரிதாக மதிக்கிறேன். அதனிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும் என்று தோன்றுவதும் அதனால்தான்.

இந்த நிலத்தின் அமைப்பே போருக்கு இழுக்கும் அமைப்பு. மேற்கே மைசூர் மேட்டுநிலம், கங்கரும் நுளம்பரும் வலுப்பெற்ற இடம். கிழக்கே பல்லவரின் தொண்டை நாடு. தெற்கே கொங்கு. நடுவில் மலைக்கணவாய்களும் காடும் மேய்ச்சல் நிலமுமாகத் தகடூர். வானம் பார்த்த பூமியில் சொத்து என்றால் மாடுதான். ஓர் ஊரைப் பிடித்து ஆள்வது பெரும்பாடு. அதன் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த ஊர் தானே முடங்கிவிடும். கல்வெட்டுகள் மந்தையைத் 'தொறு' என்கின்றன; 'பட்டான்' என்றால் இறந்தான். 'தொறுக்கொண்டு பட்டான்', 'தொறு மீட்டுப் பட்டான்' ஆகிய இரண்டு தொடர்களுக்குள் இந்தப் பகுதியின் எல்லைப்போர் வரலாற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆம்பூரில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கள் உள்ளன. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் நுளம்பன் படை தொறுக்கொள்ள வந்தபோது எதிர்த்து நின்று விழுந்தவர்களின் கற்கள் அவை. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தகடூரே நுளம்பர் கைக்குப் போயிற்று.

கல் நடும் வழக்கம் இந்தப் போர்களுக்கெல்லாம் மூத்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துள்ள கல்லே ஆகோளில், அதாவது மாடு கவரும் பூசலில், இறந்தவனுக்கு நட்டதுதான். கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கே கல் நட்டு, பீலி சூட்டி, கள் படைத்ததை ஔவையாரின் புறநானூற்றுப் பாடலால் அறிகிறோம். அரசனுக்குக் கல் நட்டதில் வியப்பில்லை. செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல்தான் என்னை வியக்கவைக்கிறது.

பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் அது. 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்திருக்கிறான். அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து, காவல் காத்து நின்றது என்று நாய்க்கென்றே தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் குகைக்கோயில்களைத் தேடிப் போகும் நமக்குப் பல்லவ மன்னர்களின் பட்டப்பெயர்கள் தெரியும். அவர்கள் ஆட்சியின் ஓரத்தில் எருமை மேய்த்தவனின் பெயரும் அவனுடைய நாயின் பெயரும் 1,400 ஆண்டுகள் கழித்தும் நமக்குத் தெரிகின்றன என்றால், அதைச் செய்தது நடுகல் மட்டுமே. அரண்மனைப் புலவர் யாரும் இதைச் செய்யவில்லை. அந்தக் கல்லின் முன்னால் எந்த மெய்க்கீர்த்தியும் எனக்குச் சிறியதாகவே படுகிறது.

வழக்கத்தின் இன்னொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. விழுந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்று அதற்குப் பெயர். நெய்த்தோர் என்றால் இரத்தம். கல்லோடு கடமை முடிந்தது என்று ஊர் கையைக் கழுவிவிடவில்லை. போனவன் பிள்ளைகளுக்குச் சோறு உண்டா என்றும் பார்த்தது.

குறையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. இறந்தால் கல், கல்லோடு நிலம், மேலே வானுலகப் பெண்கள் என்று ஏற்பாடு செய்து வைத்த ஊர், அடுத்த தலைமுறைப் பையனிடம் என்ன சொல்லியிருக்கும்? மேய்ச்சலுக்குப் போகும் வழியெல்லாம் அவன் அந்தக் கற்களைப் பார்த்துத்தான் வளர்ந்தான். தப்பிப் பிழைத்துத் திரும்பியவனுக்கு அவற்றில் இடமில்லை. ஒரு காலோ கையோ இழந்து நாற்பது வருடம் திண்ணையில் கிடந்தவனுக்கும் இல்லை. இந்த எல்லையில் போர் இத்தனை நூற்றாண்டு நீண்டதற்கு அரசர்களின் மண்ணாசை மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். சாவை இத்தனை அழகாகச் செதுக்கிய கைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கொள்ளையடிக்கப் போய் இறந்தவனுக்கும் கல், மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல். இரண்டிலும் ஒரே வில், ஒரே வாள், ஒரே வானுலகம். பகைவனுக்கும் மதிப்புத் தரும் பெருந்தன்மை என்று இதைப் போற்றுவோர் உண்டு. என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாட்டைப் பறிகொடுத்த வீட்டில் அன்றிரவு பிள்ளைக்குப் பாலில்லை. அந்தச் செய்தியைச் சொல்லும் கல் எதையும் நான் பார்த்ததில்லை. பெண்களோ வானத்திலிருந்து சாமரம் வீச வருகிறார்கள், இல்லையென்றால் பிற்காலச் சதிக்கற்களில் கணவனோடு எரிந்தவளாக வளையணிந்த கையை உயர்த்தி நிற்கிறார்கள். கணவன் போன பிறகு உயிரோடிருந்து, நெய்த்தோர்ப்பட்டியை உழுது பிள்ளைகளை ஆளாக்கியவளுக்கு யாரும் கல் நடவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் என் தட்டு நடுகல் பக்கமே சாய்கிறது. காரணம் பென்னாகரத்திலேயே இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791இல், மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில், இந்த வட்டாரம் அடங்கிய பாராமகால் முழுவதும் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. பிடித்த தளபதியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. கோட்டைக்குள் நின்று செத்தவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. அவர்களும் இந்த ஊர்ச் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தானே? கருந்தேவக்கத்தியின் நாய்க்குக் கிடைத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டியின் வேடியப்பனுக்கே திரும்புகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர்ப் பக்கமெல்லாம் நடுகற்கள் வேடியப்பனாகத்தான் வாழ்கின்றன. சாமி என்ற பயத்தால்தான் பல கற்கள் துணி துவைக்கப் போகாமலும் பாலம் கட்டப் போகாமலும் தப்பின. அதே பக்திதான் எண்ணெய் ஊற்றி, பெயின்ட் அடித்து, சுற்றிலும் சிமெண்டு பூசி எழுத்தை மூடுகிறது. கும்பிடுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லை இதுவரை காத்தவர்கள் அவர்கள்தான். எல்லாவற்றையும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம் என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த ஏரிக்கரை, எந்த வழித்தடம், எந்த மேய்ச்சல் நிலம் என்பதும் கல் சொல்லும் செய்தியில் பாதி. அந்தப் பாதி கண்ணாடிக் கூடத்துக்குள் வராது. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் நூலாக்கியது பெரிய காரியம். மசிப்படி எடுத்துப் படித்த அந்தப் பெயர்கள், கல் இருக்கும் ஊருக்கே திரும்பிப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் ஊர் எல்லையில் வேடியப்பன் இருந்தால் பொங்கல் வையுங்கள், மாலை போடுங்கள். பெயின்ட் மட்டும் வேண்டாம். எழுத்து தெரிந்தால் ஒரு படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ பக்கத்துப் பள்ளி வரலாற்று ஆசிரியருக்கோ காட்டுங்கள். படித்துச் சொல்லும் பெயரைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பூசை போடும்போது அவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.