மூன்று மருந்து, ஒரு டியூப்

பழனி பக்கம் தொப்பம்பட்டியோ, சென்னை தி.நகரோ... இடுப்பில் அரிப்பு வந்தால் நம்மாள் செய்வது ஒன்றுதான். நேரே மெடிக்கல் ஷாப். 'அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க!' டாக்டர் சீட்டெல்லாம் யார் கேட்கிறார்கள்?

அந்த டியூப்பைத்தான் இந்த வாரம் விமர்சிக்கப் போகிறேன். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெடசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு. ஒரு விலைக்கு மூன்று மருந்து. லாபம்தானே? அங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஸ்டீராய்டு, அரிப்பைச் சட்டென்று அடக்கும். பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் சேர்த்தே அடக்கும். படர்தாமரை போன மாதிரி போய், அகலமாகத் திரும்பி வரும். நாமும் இன்னொரு டியூப் வாங்குவோம். கடைசியில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். அது லேசில் போகாது.

இதற்கிடையில் பூஞ்சையும் தேறிவிட்டது. 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் ஒரு புதுவகைக்குப் பெயர் வைத்தார்கள்: 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே'. பெயரிலேயே இந்தியா! டெர்பினஃபைன் மாத்திரைக்குப் பல சமயம் மசியாது. 2023-ல் நியூயார்க்கிலும் தலைகாட்டியது. இட்ராகொனசோல் கைகொடுக்கிறது, ஆனால், வாரக்கணக்கில் சாப்பிடணும்.

14 ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. உத்தரவு கெஸட்டில் இருக்கிறது. டியூப் கவுன்ட்டரில் இருக்கிறது.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. டியூப்பின் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால், தோல் டாக்டரிடம் காட்டாமல் மூடியைத் திறக்காதீங்க.