நாற்காலி போடாத விழா

பள்ளிக்கூட விழா என்றாலே எனக்கு அலுப்புதான். ஷாமியானா, மைக் டெஸ்டிங், பொன்னாடை. வரவேற்புரையிலேயே பாதிப் பொழுது போய்விடும். பெற்றோர் வந்து உட்கார்ந்து, தங்கள் பிள்ளை மேடையேறும் இரண்டு நிமிடத்தை வீடியோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த அலுப்பையெல்லாம் துடைத்துப் போட்டது எங்கள் சாரணியர் நடத்திய அப்பா மகள் நாள். அடடா, என்ன ஒரு நாள்! சொல்லிச் சொல்லி, ஸ்டாஃப் ரூமில் நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சுட்டாங்க" என்று ஆளாளுக்கு எழுந்து போகிறார்கள். எழுத்திலாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கைடு கேப்டன், அதாவது சாரணியர் பொறுப்பாசிரியை. எங்கள் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப்பேர் லாரியில் இருக்கிறார்கள். மிச்சப்பேர் பாடி கட்டும் பட்டறையிலோ கோழிப்பண்ணையிலோ கடைகண்ணியிலோ இருப்பவர்கள். லாரிக்கார அப்பாக்கள் மகாராஷ்டிரா, குஜராத் என்று லோடு போனால் எப்போது திரும்புவார்கள் என்று வீட்டுக்கே தெரியாது. வந்தாலும் அடுத்த லோடு வரைக்கும் தூக்கம். இப்படிப்பட்ட அப்பாவை ஒரு நாள் இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்து என்ன பிரயோஜனம்?

பதிலைப் பிள்ளைகளிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சாரணியர் இயக்கமே பெண்பிள்ளைகள் கேட்டு வாங்கியதுதான். 1909இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சாரணச் சிறுவர்களைத் திரட்டியபோது, கூப்பிடாமலேயே ஒரு சிறுமியர் கூட்டம் வந்து நின்றது. மறு வருஷமே அவருடைய தங்கை ஆக்னஸ் பொறுப்பில் கைட்ஸ் என்கிற சாரணியர் இயக்கம் பிறந்தது. 1911இல் ஜபல்பூருக்கு வந்துவிட்டது. அந்த வம்சத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர் எதற்குத் திட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்? குழுத்தலைவிகளான பேட்ரோல் லீடர்களைக் கூட்டி, கோர்ட் ஆஃப் ஹானர் என்கிற அவர்களுடைய ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார வைத்தேன். அரை மணி நேரம் சண்டை. அப்புறம் ஒரு தீர்மானம் வந்தது: நாற்காலி கிடையாது. நமக்குத் தெரிந்ததை அப்பா செய்ய வேண்டும், அப்பாவுக்குத் தெரிந்ததை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அசந்துபோனேன். அவ்வளவுதான் மொத்தத் திட்டமே!

தேதி குறிப்பதுதான் பெரிய வேலை, முகூர்த்த நாளைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு என்று நினைப்பவர்கள் கறிக்கடைக்காரர் மகளிடம் கேட்டுப் பாருங்கள். சலூன் வைத்திருப்பவருக்குச் செவ்வாய்தான் ஓய்வு. எனவே காலை வியாபாரம் முடியட்டும் என்று ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் தொடக்கம், இரவு எட்டு மணிக்குள் அவரவர் வீட்டுக்கு என்று வைத்தோம். ராத்தங்கல் வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் பொறுப்புக்கு ஆசிரியைகள் கூடவே இருந்தோம்.

அழைப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. 'அப்பா அல்லது நீ கூட்டிவர விரும்பும் ஒருவர்.' காரணம் எழுதத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது. தாய்மாமன்கள் வந்தார்கள், தாத்தாக்கள் வந்தார்கள். கல்லூரியில் படிக்கும் அண்ணன் ஒருவன் வந்தான். இந்த ஒரு வரி இல்லாமல் இப்படி ஒரு நாளை நடத்தவே கூடாது என்பது என் கட்சி.

வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கழுத்தில் ஸ்கார்ஃப். அடுத்து சாரணர் வழக்கப்படி இடதுகையால் கைகுலுக்கல். "பீச்சாங்கையாலயா?" என்று தயங்கிய தாத்தாவுக்குப் பேத்தி ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டாள். பிறகு கிம்ஸ் கேம். தட்டில் 24 பொருள், ஒரு நிமிடம் பார்க்கலாம், மூடியதும் குறைந்தது 16 பொருளை நினைவிலிருந்து எழுத வேண்டும். ஊக்கு, பம்பரம், ஸ்பார்க் பிளக், கொட்டைப்பாக்கு, தீப்பெட்டி என்று பரப்பியிருந்தோம். இருபது வருஷமாக ரூட்டு மறக்காத டிரைவர்கள் ஒன்பதிலும் பத்திலும் திக்கித் திணற, பிள்ளைகள் துள்ளிக் குதித்த குதி இருக்கிறதே!

ஆனால் அன்றைக்கு என் உச்சி குளிர்ந்த இடம் கயிறுதான். குளோவ் ஹிட்ச், ரீஃப் நாட், போலைன் என்று பிள்ளைகள் வரிசையாகப் போட்டுக் காட்டினார்கள். ரீஃப் நாட் தட்டையாகப் படியும், உடம்பை உறுத்தாது, அதனால் காயக்கட்டுக்கு அதுதான் என்று ஒருத்தி விளக்கினாள். ஓரமாக நின்ற லாரிக்கார அப்பா ஒருவர், "நமக்கு இதெல்லாம் வருமாங்க டீச்சர்?" என்றார். நீங்கள் லோடு கட்டுவதைக் காட்டுங்கள் என்றேன்.

இரண்டு பெஞ்சை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, மேலே தார்ப்பாயைப் போர்த்தினார். கயிற்றின் ஒரு முனையைப் பெஞ்சுக் காலில் கட்டி, மறுமுனையை மேலே வீசி அந்தப் பக்கம் இறக்கினார். தொங்கும் கயிற்றின் நடுவில் ஒரு முறுக்கு, அதில் ஒரு சுருக்கு. முனையைக் கீழே காலுக்கடியில் விட்டு, மேலே கொண்டுவந்து அந்தச் சுருக்குக்குள் நுழைத்து, உடம்பைச் சாய்த்துக் கீழ்நோக்கி ஒரு இழு. இழுத்த முனையை வால் விட்டு ஓர் உருவுமுடிச்சில் நிறுத்தினார், கயிறு விண்ணென்று நின்றது. "இங்க பாரு கண்ணு, ஒருத்தன் இழுத்தாலும் ரெண்டு ஆள் இழுத்த மாதிரி இறுகும். அவுக்கறப்ப இந்த வாலைப் புடிச்சு இழுத்தாப் போதும்." இழுத்தார், அவிழ்ந்தது. மகள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது எங்க பாடத்துல இல்லவே இல்ல, இன்னொருக்கா போடுங்க." அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் அவரைச் சூழ்ந்துகொண்டது. கடைசியில் பிள்ளைகள் போட்டிருந்த கூடாரங்களின் கயிற்றையெல்லாம் அவிழ்த்து அந்தக் கட்டிலேயே மறுபடி கட்டினார்கள். நான் எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பதிலுக்கு அப்பாக்கள் மகளுக்கு இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். ஐயோ, அந்தக் கோராமை! ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று பிடரியில். பூக்கடைக்காரர் மட்டும் நாரில் மல்லிகை கட்டுகிற வேகத்தில் முடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளைக்கும் கை கொடுக்கப் போனார். அது செல்லாது என்று பேட்ரோல் லீடர் விசிலடித்தாள்.

சமையல், பாத்திரமில்லாச் சமையல். இரண்டே தீக்குச்சியில் அடுப்பு பற்ற வேண்டும். சீமெண்ணெய் கேட்ட அப்பாவுக்கு உடனே மைனஸ் மார்க். கங்கில் உருளைக்கிழங்கு, குச்சியில் சுற்றிய மாவு. பண்ணைக்கார அப்பா ஒரு அட்டை முட்டை கொண்டுவந்திருந்தார். ஓட்டில் சின்னத் துளை போட்டு, ஈரக் காகிதம் சுற்றி, களிமண் பூசிக் கங்கில் புதைக்க வேண்டும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் வெடிக்கும் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னாள். "முட்டையப் பத்தி எனக்கேவா?" என்றார். டப்பென்று ஒரு சத்தம், சட்டையெல்லாம் மஞ்சள் கரு. இரவுவரை அதையே சொல்லிச் சிரித்தார்கள், அவரும் சேர்ந்துதான்.

செலவா? கயிறும் தார்ப்பாயும் லாரியிலிருந்து வந்தன, சவுக்குக் கழி பந்தல்காரர் வீட்டிலிருந்து. டீக்கும் சுண்டலுக்கும் கொடுத்ததுதான் காசு.

இப்போது அப்பாக்கள் தாங்களாகவே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார்கள். அந்தத் தார்ப்பாய்க்காரர் நாக்பூர் பக்கமிருந்து குரல் செய்தி அனுப்புகிறார்: "அடுத்த தேதிய முன்னாடியே சொல்லிருங்க டீச்சர், லோடு எடுக்காம இருந்துக்கறேன்." கயிற்றுப் பாலம் கட்டலாம் என்று ஒருவர், கழி எத்தனை அடி வேண்டும் என்று இன்னொருவர். பட்டறைக்காரர் படமே வரைந்து போட்டுவிட்டார். அதைக் கொண்டுபோய் பேட்ரோல் லீடரிடம் காட்டினேன். இடுப்பில் கை வைத்தபடி முழுக்கப் பார்த்தாள்.

"கோர்ட் ஆஃப் ஹானர்ல வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம்னு சொல்லிருங்க டீச்சர்."