வெர்ஜில் காட்டும் இரு நிழல்கள்

இலத்தீன் பெருங்கவிஞர் வெர்ஜில் (கி.மு. 70–19) இயற்றிய ஆயர் பாடல்கள் பத்து. அவற்றை இனிய இயற்கை வருணனை எனப் பாராட்டி அமைந்துவிடுவோர் பலர். அப்பாராட்டு கவிஞரின் உள்ளத்தை எட்டவில்லை என்பதற்கு முதற்பாடலே சான்று.

கி.மு. 42இல் நிகழ்ந்த பிலிப்பிப் போருக்குப்பின், வென்ற படைவீரர்க்கு வழங்குவதற்காக இத்தாலிய உழவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டன. கவிஞர் பிறந்த மாந்துவா வட்டாரமும் அதற்குத் தப்பவில்லை.

பாடலின் தொடக்கத்தில், நிலம் பறிபோகாத முதியவன் தித்திரஸ் கிளைபரந்த மரத்தின் நிழலில் சாய்ந்து குழலூதுகிறான். நிலமிழந்த மெலிபியஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நாடு நீங்குகிறான். ஒருவனுக்கு வாய்த்த அந்நிழலே மற்றவனது இழப்பை அளந்து காட்டுகிறது.

இறுதியில், பழமும் பாற்கட்டியும் உண்டு, ஓரிரவு தங்கலாம் என்கிறான் தித்திரஸ். தொலைவில் கூரைகளில் புகை எழுகிறது. மலைகளின் நிழல் நீண்டு விழுகிறது. முன்னைய நிழல் ஒருவனுக்கே உரியது; இந்நிழலோ இருவரையும் மூடுகிறது. விருந்து ஓரிரவுக்குத்தான், விடிந்தால் மெலிபியஸுக்கு வீடில்லை. அவன் மறுமொழி கூறுமுன் பாடல் முடிந்துவிடுகிறது.

அதனை அழகிய மாலைக் காட்சியென்று மட்டும் சுவைப்போர், அம்மாலையில் வழிநடக்கும் ஏழையைக் காணத் தவறுகின்றனர்.