உப்பு நீங்கிய பசுமை

கலிபோர்னியாவில், பசிபிக் கடலை ஒட்டிய மான்டெரே தீபகற்பத்தின் பாறை விளிம்பில் இருக்கிறது பெபிள் பீச் கோல்ஃப் மைதானம். 1919இல் திறக்கப்பட்டது, அமெரிக்க ஓப்பன் போட்டிகள் பலமுறை நடந்த இடம். அங்கு போய் வந்தவர்கள் கடலைப் பற்றிப் பேசி ஓய மாட்டார்கள். எனக்கோ அந்தப் புல்லும், அதன் வேரில் இறங்கும் தண்ணீருமே பெரிய அழகு. தண்ணீரில் கரைந்திருப்பது இன்னதென்று தெரிந்துகொண்டு ஒரு புல்லைக் காப்பாற்றிய கதை அங்கே இருக்கிறது.

முதலில் புல்லைப் பார்ப்போம். குழியைச் சுற்றி, பந்து உருள்வதற்காக ஒட்ட வெட்டி வைத்திருக்கும் பரப்பைக் கிரீன் என்கிறார்கள். பெபிள் பீச்சின் கிரீன்கள் சிறியவை. சராசரியாக 3,500 சதுர அடிதான். அவற்றில் வளர்வது போவா அன்னுவா என்னும் புல். பல ஊர்த் தோட்டங்களில் களை என்று பிடுங்கி எறியப்படுவது. இங்கே அதுவே அரசி. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டினாலும் அந்த உயரத்துக்குள்ளேயே கதிர் விட்டுப் பூக்கும். ஒரே கிரீனுக்குள் பல திட்டுகள்: ஒன்று இளமஞ்சள் கலந்த பச்சை, பக்கத்தில் இருப்பது கரும்பச்சை, இன்னொன்று தழை நெருங்கி மெத்தென்றிருப்பது. ஒவ்வொரு திட்டும் தனக்கென ஒரு வேகத்தில் வளர்வதால், காலையில் சமமாக இருந்த பரப்பில் மாலைக்குள் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் வந்துவிடும். பந்து அதை உணர்ந்து சற்றே துள்ளும். இத்தனை நயம் படைத்த புல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. வேர் ஆழம் போகாது, உப்பு ஆகாது.

அந்த உப்புதான் ஒருநாள் குழாய் வழியாக வந்து சேர்ந்தது. மான்டெரே தீபகற்பம் தண்ணீர்ப் பஞ்சம் கண்ட இடம். 1976–77இல் கடும் வறட்சி, 1987இல் தொடங்கி மறுபடி ஒரு நீண்ட வறட்சி. குடிநீருக்குப் பெரிதும் நம்பியிருந்த கார்மல் ஆறோ, ஸ்டீல்ஹெட் மீன்கள் கடலிலிருந்து ஏறி வந்து முட்டையிடும் ஆறு. குடிக்கும் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சுவது நியாயமாகப் படவில்லை. எனவே கார்மல் பகுதியின் கழிவுநீரைச் சுத்திகரித்து மைதானங்களுக்குத் தரும் திட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல எண்ணம், நல்ல ஏற்பாடு. ஆனால் சமையலறை உப்பு, சோப்புத் தூள், கடின நீரை மென்னீராக்கும் கருவி என்று வீடுகளிலிருந்து வரும் சோடியம் அத்தனையும் அந்தத் தண்ணீரில் தங்கியது. லிட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லிகிராம். கிருமியும் கசடும் நீங்கிய தெளிந்த நீர்தான்; கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. புல்லுக்குத் தெரிந்தது.

உப்பு புல்லை வருத்துவது இரண்டு வழிகளில். மண்ணில் உள்ள நீரில் உப்பு ஏற ஏற, அந்த நீரை இழுக்க வேர் கூடுதலாகப் பாடுபட வேண்டும். உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதுபோல, ஈரமான மண்ணில் நின்றுகொண்டே புல் வாடும். அதன் முதல் அடையாளம் மிக நுட்பமானது: பச்சையில் ஒரு நீலச் சாம்பல் சாயல். அடுத்தது, நடந்து போனவரின் காலடித் தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். நுனி கருகுவதெல்லாம் அதற்குப் பிறகு. நல்ல பராமரிப்பாளர் அந்த நீலச் சாயலிலேயே விழித்துக்கொள்வார்.

இன்னொரு வழி மண்ணுக்குள் நடப்பது. களிமண்ணின் நுண்துகள்கள் எதிர்மின் தன்மை கொண்டவை. இரட்டை நேர்மின்னூட்டம் உள்ள கால்சியம் அவற்றை நெருக்கி, பொலபொலவென்ற கட்டிகளாகச் சேர்த்து வைக்கிறது. கட்டிகளுக்கு இடையே உள்ள வழிகளில்தான் நீரும் காற்றும் போய்வருகின்றன. சோடியம் ஒற்றை மின்னூட்டம் கொண்டது. தன்னைச் சுற்றி நீர் உறை போர்த்திப் பருத்து நிற்பது. அதற்குத் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் வலு இல்லை. கால்சியம் இருந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். மேலே நீர் தேங்கும், கீழே வேர் மூச்சு முட்டும். நம் விவசாயிகள் களர் நிலம் என்று அறிந்து, ஜிப்சம் இட்டுத் திருத்துவது இதே கேட்டைத்தான். ஜிப்சம் தருவது கால்சியம்.

உப்போடு ஒட்டி வரும் நோயும் ஒன்று உண்டு. 1995இல் கலிபோர்னியாவின் போவா கிரீன் ஒன்றில் முதலில் கண்டறியப்பட்ட ‘ரேப்பிட் பிளைட்’ அது. அதை உண்டாக்கும் லாபிரிந்துலா என்ற நுண்ணுயிரின் உறவுக்கூட்டம் கடலில், கடற்புல்லில் வாழ்வது. உப்பு நீர் பாயும் புல்வெளியில் மட்டும் அது நிலத்தில் வேலை காட்டுகிறது. உப்பைக் குறைத்தால் அடங்குகிறது. பாசன நீரின் தன்மை எந்த உயிரை வரவேற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பெபிள் பீச் வட்டாரத்தில் தொடக்கத்தில் கண்ட வழி, அவ்வப்போது குடிநீரைப் பெருக விட்டு வேர்ப் பகுதியில் சேர்ந்த உப்பைக் கீழே கழுவித் தள்ளுவது. புல் பிழைத்தது, ஆனால் குடிநீரை மிச்சப்படுத்தவே வந்த திட்டம் குடிநீரைக் கேட்டது. அந்த முரணோடு திட்டத்தை நடத்தியவர்கள் சமாதானம் ஆகவில்லை. அதுதான் என்னை மிகவும் கவர்ந்த இடம். 2006இல் ஃபாரஸ்ட் லேக் என்ற பழைய நீர்த்தேக்கத்தைச் சீரமைத்தார்கள். அதில் சுமார் 40 கோடி லிட்டர் பிடிக்கும். மழைக்காலத்தில் புல்லுக்குத் தேவை குறைவு, கழிவுநீர் வரத்து குறையாது. அந்த உபரியைக் கோடைக்குச் சேர்த்து வைக்கலாயிற்று. 2009இல் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்வடிகட்டலும் ஆர்.ஓ. சவ்வும் சேர்ந்தன. சோடியம் லிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியது. உப்பைக் கழுவக் குடிநீர் தேவைப்படவில்லை.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. உப்பு கெடுதல் என்பதற்காக முற்றிலும் உப்பற்ற நீரைப் பாய்ச்சினால் புல் மகிழாது. மிகத் தூய நீர் மேல்மண்ணில் இருக்கும் கால்சியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். துகள்கள் மறுபடி பிரியும். நீர் உள்ளே இறங்காது. அதனால்தான் ஆர்.ஓ. நீரைப் பாசனத்துக்குத் தரும் இடங்களில் ஓரளவு வடிகட்டிய நீரைக் கலந்தோ, கால்சியம் சேர்த்தோ தருவது வழக்கம். எவ்வளவு எடுப்பது என்பதோடு எவ்வளவு விட்டுவைப்பது என்றும் தெரிந்திருப்பதுதான் கைத்திறன். சோடியம் எவ்வளவு என்பதைத் தனியே பார்க்காமல், கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்டு விகிதமாகப் பார்ப்பதும் இதனால்தான்.

2010இலும் 2019இலும் அமெரிக்க ஓப்பன் வீரர்கள் பந்தை உருட்டியது இந்தத் தண்ணீரில் வளர்ந்த புல்லின் மீது. ஊர் குளித்துத் துவைத்து விட்ட நீர் அது. ஸ்பைகிளாஸ் ஹில், சைப்ரஸ் பாயின்ட் உள்ளிட்ட அக்கம்பக்கத்து மைதானங்களும் அதையே பெறுகின்றன. புல் செழிக்கிறது, ஆற்றின் சுமை குறைகிறது.

நம் ஊர்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றன. போற்ற வேண்டிய பழக்கம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: டி.டி.எஸ். மீட்டர் காட்டும் ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். சோடியம், கால்சியம், மெக்னீசியம் மூன்றையும் தனித்தனியே பரிசோதித்துப் பாருங்கள். புல் வாடினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவதற்கு முன், விடுவது எப்படிப்பட்ட தண்ணீர் என்று தெரிந்துகொள்ளுங்கள்.