மரண நெடுஞ்சாலை: பெயரும் பழியும்

புகழ்பெற்ற கதையொன்றை அதன் உரிமையாளரே கலைத்துவிட்டு, அதே பெயரில் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவது வீடியோ விளையாட்டுத் துறையில் வழக்கமாகிவிட்டது. 'கால் ஆஃப் டூட்டி' வரிசையில் 2007இல் வெளிவந்த 'மாடர்ன் வார்ஃபேர்' 2009, 2011ஆம் ஆண்டுகளில் இரு தொடர்ச்சிகளைக் கண்டது. பின்னர் அமெரிக்காவின் இன்ஃபினிட்டி வார்டு நிறுவனத்தார் 2019 அக்டோபர் 25 அன்று அதே பெயரில் புதுக்கதை ஒன்றைத் தொடங்கி வைத்தனர். அதனைக் கண்டதும் நம் உள்ளத்திற் பதிந்த எண்ணங்களை இங்கு முன்வைக்கிறோம்.

பாராட்டத் தக்கதை முதலில் பாராட்டிவிடுவோம். பழைய விளையாட்டில் பெயரற்ற மத்திய கிழக்கு நாடொன்று வந்தது. அந்நாட்டார் பெரும்பாலும் சுடப்படுவதற்கென்றே தோன்றி மறைந்தனர். புதியதில் உர்ஸிக்ஸ்தான் என்னும் கற்பனை நாட்டின் விடுதலைப் படைத் தலைவியாக ஃபரா கரீம் என்ற பெண்மணி நிற்கிறாள். 1999இல் அந்நியப் படை ஊருக்குள் நுழைந்தபோது தாயையும் தந்தையையும் இழந்த சிறுமியாக அவளைக் காண்கிறோம். அந்தச் சிறுமியாகவே நாம் விளையாடவும் நேர்கிறது. துப்பாக்கிக்குப் பின்னால் நின்று பழகியவர்களை அதன் முன்னால் நிறுத்திய துணிவு மெச்சத் தக்கதே. இலண்டன் வீடொன்றின் இருளில், எதிர்ப்படுபவர் பகைவரா அல்லரா என ஆராய்ந்த பின்னரே சுடவேண்டிய கட்டமும் சிந்திக்க வைப்பது.

எனினும், இத்துணை கவனம் கொண்டோர் ஓரிடத்தில் பெரும் பிழை இழைத்துள்ளனர். சிதைந்த வண்டிகள் நிறைந்த சாலையொன்று கதையில் வருகிறது. அதன் பெயர் 'மரண நெடுஞ்சாலை'. தப்பியோட முயன்ற மக்களை இரஷ்யர் அங்கே குண்டு வீசிக் கொன்றனர் என்று கதை கூறுகிறது.

இப்பெயர் கற்பனையன்று. 1991 பிப்ரவரி இறுதியில், குவைத்திலிருந்து பஸ்ராவை நோக்கிப் பின்வாங்கிய ஈராக்கியப் படையினரின் வண்டிகளை அமெரிக்கா தலைமையிலான கூட்டணி விமானங்கள் தாக்கி எரித்த சாலைக்கு உலகம் இட்ட பெயர் அது. அவர்கள் 1990 ஆகஸ்டில் குவைத்தை ஆக்கிரமித்தவர்கள். கொள்ளைப் பொருளோடு சென்றவர்களும் அவர்களுள் உண்டு. அத்தாக்குதல் முறையா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆனால் தாக்கியது யார் என்பதில் வழக்கே இல்லை.

நாடே கற்பனையாயிருக்கச் சாலையின் பெயருக்கு ஏன் வருந்தவேண்டும் எனச் சிலர் வினவலாம். நாட்டுக்குப் புதுப்பெயர் படைக்கத் தெரிந்தவர்க்குச் சாலைக்கு ஒன்று படைப்பது அரிதன்று. மெய்ப்பெயரின் கனத்தை எடுத்துக்கொண்டு, அதனோடு வந்த பொறுப்பை மட்டும் வேறொருவர் தலையில் ஏற்றியதே நாம் காணும் குறை. கதையை மீண்டும் தொடங்கலாம். வரலாற்றை அவ்வாறு தொடங்க இயலாது.

ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியோர்க்கே உரியதென முத்திரையிடப்பட்டது இவ்விளையாட்டு. அவ்வயதை எட்டிய நம் இளைஞர் பலர் 1991க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அச்சாலையின் பெயர் முதன்முதலில் இத்திரையிலேயே அறிமுகமாகலாம். பெற்றோர் கருவியைப் பறிப்பதைவிட, அருகமர்ந்து அச்சாலையில் உண்மையில் நடந்ததை எடுத்துரைப்பதே நலம் பயக்கும்.